ஏனக்காவும் பதினான்காவது விதியும்

அலுவலகத்தில் அவளுக்கு ஏனக்கா என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். பதில் வந்தால் அதற்கும் ஒரு ஏன். நான்காவது ஏனுக்கு எதிரில் இருப்பவருக்கு முகம் சிவக்கும், ஐந்தாவதுக்கு உண்மை தானாக வெளியே வந்துவிடும். வம்புக்காரி என்று நினைத்துவிட வேண்டாம், அவள் பிழைப்பே அதுதான். அடையாள அட்டையில் பிசினஸ் அனலிஸ்ட் என்று போட்டிருக்கும். வேலை எங்கே எப்படி நடக்கிறது என்று ஆள் ஆளாகப் போய் விசாரித்து, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து, இனி எப்படி நடக்க வேண்டும் என்று விதி விதியாக எழுதிக் கொடுப்பாள். அந்த விதிகளை வைத்துத்தான் மென்பொருள்காரர்கள் மென்பொருள் செய்வார்கள்.

அது மருந்துகளை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் நிறுவனம். மூன்று வருடங்களுக்கு முன்பு காலாவதியான மருந்துப் பெட்டிகள் கடைகளுக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தன. கிடங்குக்காரர்களைத் திட்டினார்கள், இரண்டு பேரை வேலையை விட்டே அனுப்பினார்கள், பெட்டிகள் நிற்கவில்லை. ஏனக்கா போய் நான்கு நாள் கிடங்கில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஏன், ஏன் என்று குடைந்தாள். கடைசியில் பார்த்தால், திரும்பி வரும் பெட்டிகளுக்கும் புதுப் பெட்டிகளுக்கும் கணினி ஒரே அலமாரி எண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் அந்தத் தலைவலி தீர்ந்தது. அதற்கு நிறுவனம் அவளுக்கு என்ன கொடுத்தது தெரியுமா? நிறுவனத்தின் பெயர் போட்ட ஒரு காபிக் குவளை. கைப்பிடி கொஞ்சம் கோணல்.

இந்த வேலைக்கு வெளியே என்ன சம்பளம் கிடைக்கிறது என்பதை அவள் தன் கொழுந்தனைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வேறொரு நிறுவனத்தில் அவனுக்கும் இதே வேலைதான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். அவனுடைய முதல் ஆவணத்தை இவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினான். இன்றைக்கு அவன் இவளைப்போல ஒன்றரை மடங்கு வாங்குகிறான். ஒன்பது வருட அனுபவத்துக்கு வெளியே அதைவிடவும் மேலே தருவார்களாம். அதை அவன் வாயாலேயே, கையில் காபியோடு, சோபாவில் காலை மடக்கிக்கொண்டு சொன்னான்.

அவனுக்கு அண்ணிமேல் பாசம் உண்டு. பாசத்தோடு யோசனைகளும் உண்டு.

"அண்ணி, சான்றிதழ் பரீட்சை எழுதுங்க. அது இருந்தா சம்பளம் தானா ஏறும்."

எழுதினாள். ஒன்றல்ல, மூன்று. வரவேற்பறைச் சுவரில் மூன்று ஆணி ஏறியது, வேறு எதுவும் ஏறவில்லை.

"அப்போ எண்ணுல பேசுங்க. உங்களால கம்பெனிக்கு எவ்வளவு மிச்சமாச்சுன்னு ஒரு பக்கத்துல போட்டு நீட்டுங்க."

நீட்டினாள். அதுக்குத்தான் அப்பவே குவளை குடுத்தாச்சே என்று சொல்லிவிட்டார்கள்.

"அதுவும் ஆகலையா? அப்போ ஒரே வழி, கம்பெனியை மாத்துங்க."

அதுதான் அவளால் முடியாது. அவள் அம்மா பத்து மாதங்களுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிவந்து மூன்றாவது மாடியில் இறக்கியதோடு சரி, அதற்குப் பிறகு அம்மா தெருவை மிதிக்கவில்லை. கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. அலுவலகம் நடக்கும் தூரத்தில் இருப்பதால் ஏனக்கா மதியம் ஓடிவந்து அம்மாவைக் கவனித்துவிட்டு ஓடுவாள். வேறு நிறுவனங்கள் எல்லாம் பேருந்தில் ஒன்றரை மணி நேரம்.

அம்மா சும்மா உட்கார்ந்து பழகியவர் இல்லை. முப்பது வருடம் பேருந்து நடத்துனர். கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு, சில்லறைக்குச் சண்டை போட்டு, ஊரையே சுற்றிய உடம்பு. இப்போது மாடி முகப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கிருந்தே கீழே போகிறவர்களை அதட்டுவார்.

"வழியில நிக்காதீங்க, தள்ளி நில்லுங்க!"

யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அம்மா அதட்டலை நிறுத்துவதும் இல்லை.

கீழ்த்தளத்தில் இருந்த குடும்பம் காலி செய்யப்போவதாகப் பேச்சு வந்தது. வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனிதர். "உங்களுக்குத்தாம்மா முதல்ல. ஆனா வாடகை கூட. ரெண்டு மாசத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். கணவர் மின்வேலை செய்பவர். அவர் வருமானம் ஒரு மாதம் மலை, ஒரு மாதம் மடு. ஏனக்காவின் சம்பளம் நியாயமாக இருந்தால் கீழ்வீட்டை யோசிக்காமல் எடுத்திருக்கலாம்.

"நான் ஒரு சுவிட்சை மாத்திக் குடுத்தாலும் கூலியை வாங்காம அந்த வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன்" என்றார் கணவர். "நீ என்னடான்னா ஒரு கிடங்கையே சரி பண்ணிக் குடுத்துட்டுக் குவளையைத் தூக்கிட்டு வர்றே."

"குத்திக் காட்டாதீங்க."

"குத்தலைம்மா. எனக்கே வயிறு எரியுது."

அந்த நேரத்தில்தான் சம்பள மென்பொருள் வேலை அவளிடம் வந்தது. அதுவரை ஒவ்வொருவருக்கும் என்ன சம்பள நிலை, ஆண்டுக்கு எவ்வளவு உயர்வு என்பதெல்லாம் பணியாளர் பிரிவு மேலாளரின் கையிலும் அவருடைய நான்கைந்து கோப்புகளிலும் இருந்தன. இனி எல்லாம் கணினியில். புது மென்பொருள் வந்த முதல் வாரம் முடியும்போது யார் எந்த நிலையில் இருக்கிறார்களோ அந்த நிலை ஐந்து வருடத்துக்குப் பூட்டப்படும். அதற்கான விதிகளை எழுத வேண்டியவள் ஏனக்கா.

மேலாளருக்குச் சிரிப்பு சார் என்று பெயர். வேலையை விட்டு அனுப்பும்போதும் சிரித்துக்கொண்டேதான் கடிதத்தை நீட்டுவார். அவர் அறையில் நல்ல குளிர். ஏனக்கா குறிப்பேட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். பதின்மூன்று விதிகள் சிக்கலில்லாமல் வந்தன. செய்யும் வேலைக்கு ஏற்ற நிலை, நிலைக்கு ஏற்ற சம்பளம், இப்படி.

"தப்பான நிலையில யாராவது இருந்தா என்ன சார் பண்றீங்க?"

"அப்படி நாப்பத்து மூணு பேர் இருக்காங்க. பட்டியல் இருக்கு. கேட்டா மாத்திக் குடுத்துடுவோம்."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா நாலு சதவீத உயர்வு, அதோட சரி."

"ஏன் சார்?"

"கேக்காதவங்களுக்கு நாமளா எதுக்கு?"

"ஏன்? தப்புன்னு தெரியுமே."

"அவங்களுக்குத் தெரியாதே."

"ஏன் தெரியாது?"

"சொல்லலையே!" என்று சிரித்தார்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கேப்பாங்கம்மா" என்றார் சிரிப்பு சார், ஏதோ குழந்தைக்குச் சொல்வதுபோல.

ஐந்தாவது ஏன் தேவைப்படவில்லை, நான்காவதிலேயே உண்மை வந்துவிட்டது. ஏனக்கா தலையைக் குனிந்து அப்படியே எழுதிக்கொண்டாள். கேட்டதை மாற்றாமல் எழுதுவது அவள் தொழில்.

மறுவாரம் சோதனைக்காகப் பழைய தரவுகள் மென்பொருள் பிரிவுக்கு வந்தன. அந்த வேலையைப் பார்க்கிறவருக்கு மீசை என்று பெயர், பெயருக்கான காரணம் முகத்திலேயே இருக்கும். அவர் ஏனக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நாற்பத்து மூன்று பேர் பட்டியலில் ஆறு பிசினஸ் அனலிஸ்டுகளும் இருந்தார்கள். முதல் வரி ஏனக்கா. நிலை: தட்டச்சு மற்றும் ஆவண உதவி.

"இது எப்படிங்க? டைப் அடிக்கிறவங்க நிலையில உங்களைப் போட்டிருக்காங்க?"

கோப்பைத் தோண்டினார்கள். அடியில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு படிவம் கிடந்தது. இந்த நிறுவனத்தில் முதலில் சேர்ந்த பிசினஸ் அனலிஸ்ட் அவள்தான். அன்றைக்கு அந்த வேலை என்னவென்று யாருக்கும் தெரியாததால், உங்கள் வேலையை நீங்களே ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள் என்று அவளிடமே படிவத்தைக் கொடுத்திருந்தார்கள். அவள் கையெழுத்தில் அந்த வரி இருந்தது: "மற்றவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு ஆவணமாக எழுதித் தருதல்."

ஏனக்காவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பிசினஸ் அனலிஸ்டைத் தவிர வேறு யாரும் இப்படித் தன் குழியைத் தானே தோண்டமாட்டார்கள். எதையும் கூட்டாமல் குறைக்காமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், இவள் தன்னைப் பற்றியும் அப்படியே எழுதிவிட்டாள். அதைப் பார்த்த குமாஸ்தா தட்டச்சர்களோடு சேர்த்துவிட்டார். பின்னால் வந்த ஐந்து பேருக்கும் அதே வரியை நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். அதில் ஒருத்தி போன மாதம்தான் வட்டிக்கு வாங்கி மகளைப் பள்ளியில் சேர்த்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவள் செய்தது பிழை. அந்தப் பிழையைக் கண்டுபிடித்து, பட்டியல் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வருடா வருடம் இவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாரே ஒருவர், அதற்கு என்ன பெயர்?

அன்றைக்கே அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், நான் கேக்கறேன். என் நிலையை மாத்துங்க. மத்த அஞ்சு பேரோடதையும்."

சிரிப்பு சார் நாற்காலியில் சாய்ந்தார். "அடடா, போன மாசம் கேட்டிருக்கக் கூடாதா? மென்பொருள் வர்ற வரைக்கும் எல்லா மாற்றத்தையும் நிறுத்தி வச்சிருக்கோமே."

"வந்தப்புறம்?"

"வந்தப்புறம் பூட்டிடுவோம். அஞ்சு வருஷம் போகட்டும், பாத்துக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பதினாலாவது விதி இருக்கே, அதை ஆவணத்துல போட வேண்டாம். அது சும்மா பேச்சுக்குச் சொன்னது."

ஏனக்கா வெளியே வந்தாள். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். அழுகை வரவில்லை, அதற்கும் மேலே ஏதோ வந்தது. ஐந்து வருடம். அம்மாவுக்கு இப்போதே எழுபத்தொன்று.

மேசைக்குத் திரும்பி, ஆவணத்தைத் திறந்து, எழுதினாள்.

"விதி 14: பணியாளர் தவறான நிலையில் இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தால், அவர் திருத்தம் கோரினால் மட்டுமே நிலை திருத்தப்படும். கோராதவர்களுக்கு இதுவரை தெரிவிக்கப்படவில்லை. சொன்னவர்: மேலாளர், பணியாளர் பிரிவு."

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு விதிக்கும் எதிரே, அதைச் சொன்னவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத விதி மென்பொருளுக்குள் போகாது. சிரிப்பு சார் பதின்மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, பதினான்கை ஒரே கோட்டில் அடித்து அனுப்பினார். ஏனக்கா சண்டைக்குப் போகவில்லை. "சரிங்க, பதின்மூணை மட்டும் வச்சு ஓட்டிப் பாருங்க" என்று மீசையிடம் கொடுத்தாள்.

புது மென்பொருளை அப்படியே நம்பிவிட மாட்டார்கள். போன வருடத்துத் தரவைக் கொடுத்து, போன வருடம் உண்மையில் கொடுத்த சம்பளமே வருகிறதா என்று பார்ப்பார்கள். காசு பிசகாமல் வந்தால்தான் நிதிப் பிரிவுத் தலைவி ஒப்புக்கொள்வார். அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார், மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்.

அவர் முன்னால் சோதனை முடிவைப் பரப்பினார்கள். எல்லோருக்கும் சரியாக வந்தது, நாற்பத்து மூன்று பேரைத் தவிர. அவர்களுக்கு மட்டும் கணினி அதிகச் சம்பளம் போட்டிருந்தது. செய்யும் வேலைக்கு ஏற்ற நிலை என்று விதி சொன்னால் கணினி அப்படித்தானே போடும்? அதற்குச் சிரிக்கத் தெரியாது.

"ஏன் இவங்களுக்கு மட்டும் இடிக்குது?" என்றார் தலைவி.

மீசை ஏனக்காவைப் பார்த்தார். ஏனக்கா சிரிப்பு சாரைப் பார்த்தாள். சிரிப்பு சார் மேசையைப் பார்த்தார்.

"ஒரு விதி விட்டுப் போச்சு மேடம்" என்றாள் ஏனக்கா. "சோதனைக்குச் சேத்து ஓட்டினா சரியா வருது. இதோ."

இரண்டாவது தாளில் எல்லா எண்களும் பொருந்தி நின்றன. தலைவி பதினான்காவது விதியைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இது உண்மையா?"

"அது ஒரு நடைமுறை மேடம்..." என்று இழுத்தார் சிரிப்பு சார்.

"ஒண்ணு, இந்த விதியில கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா, நாப்பத்து மூணு பேருக்கும் நிலையைத் திருத்துங்க. எனக்கு எண்ணு பொருந்தணும், அவ்வளவுதான்."

அந்த இடத்தில் மனசாட்சி உள்ள ஒரு மனிதன் என்ன செய்வான்? அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். திருத்துவதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஏனக்கா அடுத்த தாளைப் புரட்டினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்" என்றாள். "கோரினால் மட்டும்னு விதி சொல்லுது. கோரினாங்களா இல்லையான்னு கணினிக்கு யார் சொல்றது?"

"யாராவது போட்டுக்கங்கம்மா."

"பின்னிணைப்புல எழுதியிருக்கேன், படிக்கறேன். மென்பொருள் திறந்த முதல் வாரம், சம்பந்தப்பட்ட பணியாளரோட சொந்தத் திரையில கேள்வி வரும். பதிலை அவரே..."

"சரி சரி, அடுத்ததுக்குப் போங்க" என்று அதிலும் கையெழுத்தைக் கிறுக்கினார்.

ஒன்பது வருடமாக ஏனக்கா எழுதிய ஆவணங்களை யாரும் முழுசாகப் படித்ததில்லை. அது அவளுக்குப் பெரிய மனக்குறை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அது அவளுக்கு உதவியது. தலைவி மட்டும் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

"எல்லாம் பாத்தாச்சு மேடம்."

தலைவியும் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

மென்பொருள் ஒரு திங்கட்கிழமை காலை திறந்தது. வீட்டுக்காரர் கொடுத்த கெடுவில் பன்னிரண்டு நாள் பாக்கி. எல்லோரும் உள்ளே நுழைந்து தங்கள் சம்பள நிலையைப் பார்த்தார்கள். நாற்பத்து மூன்று பேர் திரையில் மட்டும் ஒரு வரி கூடுதலாக வந்தது: "உங்கள் வேலையும் உங்கள் சம்பள நிலையும் பொருந்தவில்லை என்பது நிறுவனத்துக்குத் தெரியும். திருத்தக் கோருகிறீர்களா?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

ஏனக்கா தன் திரையில் ஆம் என்பதை அழுத்தினாள். அழுத்த ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த ஒரு நொடிக்காகவா ஒன்பது வருடம் என்று நினைத்தபோது அவளுக்கு மேசையைக் கவிழ்க்கலாம்போல இருந்தது.

மதியத்துக்குள் நாற்பத்தொரு ஆம் வந்துவிட்டது. மீதி இரண்டு பேர் விடுப்பில் இருந்தார்கள். ஒருவர் குளிர் அறைக் கண்காணிப்பாளர், இன்னொருவர் வண்டிகளுக்கு நேரம் குறிப்பவர். ஏனக்கா இரண்டு பேருக்கும் தொலைபேசியில் பேசினாள். "வீட்டுலேருந்தே திறங்கண்ணே, இப்பவே திறங்க. இல்லை, ஏமாத்து வேலை இல்லைண்ணே, கையெழுத்துப் போட்ட விதி" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

சிரிப்பு சார் நிதித் தலைவியின் அறைக்கு ஓடினார். கதவு திறந்தே இருந்ததால் பாதி மாடிக்குக் கேட்டது.

"மேடம், அந்தம்மா என்னை ஏமாத்திட்டாங்க!"

"கையெழுத்து உங்களோடதுதானே?"

வெளியே வந்தவர் ஏனக்காவின் மேசைக்கு முன்னால் நின்றார். அவர் முகத்தைச் சிரிப்பில்லாமல் அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"நேரா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே சார். அஞ்சு வருஷம் போகட்டும்னீங்க."

அடுத்த மாதச் சம்பளம் சரியான நிலையில் வந்தது. போன ஒன்பது வருடங்களுக்கு? அதைப்பற்றி விதி எதுவும் இல்லை என்று பதில் வந்தது. சிரிப்பு சாரை வேறு மாடிக்கு மாற்றினார்கள், சம்பள உயர்வோடு. கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

கீழ்வீட்டுக்கு மாறிய அன்று அம்மாவை மறுபடியும் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். கணவர் வாசலில் புது விளக்கு ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா தெருவில் கால் ஊன்றி, மகளின் தோளைப் பிடித்து நின்று, மேலே அந்த மாடி முகப்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"ஏண்டி, மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பானா அந்த ஆளு?"

"குடுத்திருப்பாரும்மா."

"ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் ஏன் ஏன்னு குடையறதுதான் உன் பொழப்பு. உன் சம்பளம் ஏன் இவ்வளவுன்னு மட்டும் ஒரு தடவைகூடக் கேக்கத் தோணலையா உனக்கு? ஒரு வருஷமா என்னை மேல காயப் போட்டு வச்சிருந்தியே!"

ஏனக்கா போட்ட சத்தத்தில் தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் கேக்காதது தப்புதாம்மா, ஒத்துக்கறேன். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தாரே, அந்தாளை மட்டும் ஏம்மா யாருமே ஏன்னு கேக்க மாட்டேங்கறீங்க?"

அம்மா தெருக்கோடியைப் பார்த்தார்.

"அந்த ஆபீஸ் நடக்கற தூரம்தானே?"

"ஆமாம்மா. ஏன்?"

"அந்தக் கைத்தடியை எடு" என்றார் அம்மா.